ஹொண்டா படிக்காமல்தான் மேலே வந்தாரா? கராஜில் வேலை பழகும் தம்பிக்கு ஒரு பதில்

களுவாஞ்சிக்குடிப் பக்கம் மோட்டார் சைக்கிள் கராஜ் ஒன்றில் வேலை பழகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஓ.எல். முடித்துவிட்டாராம். மட்டக்களப்பு தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகன கோர்ஸுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் ஹொண்டா கம்பனியைத் தொடங்கியவர் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு கராஜுக்குப் போனவர், படிப்பு இல்லாமலே உலகக் கம்பனி நடத்தினார் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அப்படியென்றால் கோர்ஸில் செலவழிக்கிற காலம் வீண்தானே, அவர் உண்மையில் எப்படி மேலே வந்தார் என்பது கேள்வி.

கோர்ஸுக்குப் போங்கள் தம்பி. கராஜையும் விடாதீர்கள். வீடியோவில் சொல்வது பொய்க் கதை இல்லை, ஆனால் நடுவில் இரண்டு பெரிய துண்டை வெட்டி எறிந்துவிட்டுச் சொல்கிறார்கள். ஒன்று, முப்பது வயதில், சொந்தத் தொழில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் திரும்பவும் வகுப்பில் போய் உட்கார்ந்தது. மற்றது, தக்கேயோ புஜிசாவா என்ற மனிதர். இந்த இரண்டும் இல்லாவிட்டால் சொய்சிரோ ஹொண்டா ஹமமட்சு நகரத்தில் பேர்போன ஒரு மெக்கானிக்காகவே இருந்து காலமாகியிருப்பார் என்பது என் கணிப்பு.

ஆளைப் பற்றி முதலில் கொஞ்சம். 1906 நவம்பர் 17ஆம் திகதி, ஜப்பானில் ஹமமட்சுவுக்குப் பக்கத்தில் கோம்யோ என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா கிஹெய் கொல்லர். பிறகு சைக்கிள் திருத்தும் வேலைக்கு மாறினார். 1922இல் பாடசாலை முடிந்த கையோடு டோக்கியோவில் ஆர்ட் ஷோகாய் என்ற கராஜுக்கு வேலை பழகப் போனார் பொடியன். வயது பதினைந்து. முதல் சில மாதம் கையில் ஸ்பெனர் கொடுக்கவில்லை, முதலாளியின் குழந்தையைத்தான் கொடுத்தார்கள். முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்று வேலையைப் பார்த்தார். உங்களுக்கும் தேத்தண்ணி வாங்கி வருவதும் சாமான் கழுவுவதுமாகத்தான் முதல் மாதங்கள் போயிருக்கும், அதனால் இதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்த முதலாளி யூசோ சகாகிபாரா சாதாரண ஆள் இல்லை. பல நாட்டு வண்டிகள் அங்கே வந்தன. வேண்டிய துண்டு கடையில் இல்லையென்றால் பட்டறையில் செய்து போடும் இடம் அது. யுத்த காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்கு ஒரு சாமான் கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்த வருஷங்களில் எங்கள் மெக்கானிக்மார் பழைய துண்டைக் கடைந்து, ஒட்டி, வண்டியை ஓட வைத்தார்களே, அந்தப் பழக்கத்தை ஹொண்டா அங்கே பிடித்துக்கொண்டார். ரேஸ் கார் ஒன்றை முதலாளி வீட்டார் கட்டியபோது இரவில் அதிலும் வேலை செய்தார். 1924இல் அந்தக் கார் வென்ற போட்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் மெக்கானிக்காக உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். 1928இல் ஆர்ட் ஷோகாயின் பெயரிலேயே ஹமமட்சுவில் சொந்தக் கிளை திறந்தார். அந்தக் காலத்துச் சக்கரங்களில் மரக் கம்பிகள் இருந்தன; அவற்றுக்குப் பதிலாக வார்ப்பிரும்பில் செய்து காப்புரிமையும் எடுத்தார். காசு வந்தது. 1936இல் ரேஸ் ஓட்டி விபத்தில் மோசமாகக் காயப்பட்டார்.

இவ்வளவு வரைக்கும் வீடியோக்காரர் சொல்வது சரி. கைவேலையும் துணிச்சலும் அவரை இங்கே கொண்டுவந்து விட்டன. இதற்குப் பிறகுதான் அவை இரண்டும் போதாமல் போன இடம் வருகிறது.

திருத்தும் வேலை அலுத்துவிட்டது. ஒரு பொருளை உற்பத்தி செய்ய வேண்டும் என்று பிஸ்டன் ரிங்கில் கை வைத்தார். பார்க்கச் சின்ன வளையம், விலையோ அந்தக் காலத்தில் எடைக்குப் பார்த்தால் மிக அதிகம். நாங்களே வார்த்துவிடலாம் என்று நினைத்தார். இரவு பகலாக உலைக்கு முன்னால் இருந்தும் ரிங் வரவில்லை. வார்த்தது எல்லாம் கல்லுமாதிரி இறுகிப்போய், வளையாமல் முறிந்தது. பதினைந்து வருஷக் கைப்பழக்கத்தில் இதற்கு விடை இல்லை. கடைசியில் ஹமமட்சு தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு பேராசிரியரிடம் ரிங்கைக் காட்டினார். அவர் சோதித்துவிட்டு, உங்கள் இரும்பில் சிலிக்கன் போதாது என்றார். சிலிக்கன் சேர்க்க வேண்டும் என்பதே ஹொண்டாவுக்கு அப்போது தெரியாது.

இதைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பாருங்கள், உங்கள் கையில் தினமும் வரும் சாமான்தான். சைலன்சரில் நீலப் புகை அடிக்கிறது என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவருகிறார். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனை எடுத்து, ரிங் தேய்ந்திருக்கிறது என்று மாற்றுகிறீர்கள். புது ரிங்கை இரண்டு பெருவிரலாலும் மெல்ல விரித்துப் பிஸ்டன் காடியில் போடும்போது அது கொஞ்சம் விரிந்து, விட்டதும் பழைய வடிவத்துக்கு வருகிறதல்லவா? அந்த விரிந்து சுருங்கும் தன்மைதான் சிலிண்டர் சுவரில் அதைச் சதா அழுத்தி வைத்திருக்கிறது. வார்ப்பிரும்பில் கரி இருக்கிறது. போதிய சிலிக்கன் இருந்தால் அந்தக் கரி கிராபைட்டாகப் பிரிந்து மெல்லிய தகடுகளாக இரும்புக்குள் பரவி நிற்கும். கிராபைட் வழுக்கும், அதனால் சுவரில் உரசினாலும் சீக்கிரம் தேயாது, சுவரையும் அரிக்காது. சிலிக்கன் குறைந்தால் கரி இரும்போடு சேர்ந்து வெள்ளை வார்ப்பிரும்பாகிவிடும். கடினம், ஆனால் முறியும். எவ்வளவு நுணுக்கமாகக் கடைந்தாலும், எவ்வளவு அனுபவம் இருந்தாலும், கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

முப்பது வயதுக்காரர், ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளி, அந்தக் கல்லூரியிலேயே பகுதிநேர மாணவராகச் சேர்ந்தார். தன்னைவிடப் பத்து வயதுக்கு மேல் குறைந்த பொடியன்மாரோடு உட்கார்ந்து ஏறத்தாழ இரண்டு வருஷம் உலோகவியல் கேட்டார். பரீட்சை எழுதவில்லை, அதனால் சான்றிதழ் கிடைக்கவில்லை. ஒரு சினிமா டிக்கெட்டுக்கு இருக்கும் மதிப்புக்கூடச் சான்றிதழுக்கு இல்லை என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு இருக்கிறது. வீடியோக்களில் பிடித்துக்கொள்வது இதைத்தான். அந்தப் பேச்சைச் சொன்னவர் தேடிப்போய் வகுப்பில் உட்கார்ந்தவர் என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். அவருக்குத் தேவைப்பட்டது அறிவு, தாள் தேவைப்படவில்லை, ஏனென்றால் கம்பனி அவருடையது. வெளிநாடு போகவோ இங்கே கம்பனி ஒன்றில் சேரவோ நினைக்கும் உங்களுக்கு இரண்டும் தேவை.

படித்த பிறகும் வழி உடனே திறக்கவில்லை. டொயோட்டாவுக்குக் கொடுத்த 50 ரிங்கில் தரச் சோதனையில் தேறியது 3. பல்கலைக்கழகம், உருக்கு ஆலை என்று மறுபடி அலைந்து திரிந்துதான் தரத்தைப் பிடித்தார். பிறகு அந்த ரிங் கம்பனியான டோக்காய் செய்க்கியில் 2,000 பேர் வரை வேலை செய்தார்கள். யுத்தம் வந்தது, டொயோட்டா 40 சதவீதப் பங்கை எடுத்தது, குண்டு வீச்சில் ஒரு தொழிற்சாலை போனது, 1945 ஜனவரி பூகம்பத்தில் மற்றது விழுந்தது. மிச்சத்தை டொயோட்டாவுக்கே 450,000 யென்னுக்கு விற்றுவிட்டு ஒரு வருஷம் சும்மா இருந்தார்.

1946இல் ஹமமட்சுவில் ஒரு கொட்டில் மாதிரி இடத்தில் மறுபடி தொடங்கினார். இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கச் செய்த சின்ன இயந்திரங்கள், யுத்தம் முடிந்து வேலையில்லாமல் கிடந்தவை, சுமார் 500 வாங்கினார். அதைச் சைக்கிளில் பூட்டினார். முதலில் செய்து பார்த்ததில் பெற்றோல் டாங்குக்கு வீட்டிலிருந்த வெந்நீர்ப் போத்தலைப் பாவித்தார். ஓட்டிப் பார்த்தது மனைவி சச்சி. பெற்றோல் பங்கீட்டில்தான் கிடைத்தது, ஆகவே பைன் மர எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். 2022இல் கியூவில் நின்ற எங்களுக்கு இந்த நிலைமையை அதிகம் விளக்கத் தேவையில்லை. வாங்கிய இயந்திரங்கள் முடிந்ததும் சொந்தமாக ஒன்று செய்தார். 1948 செப்டெம்பர் 24ஆம் திகதி ஹொண்டா மோட்டார் கம்பனி பதிவானது. மூலதனம் பத்து இலட்சம் யென், ஆட்கள் 34.

இனி அந்த இரண்டாவது துண்டு, புஜிசாவா. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த ஆள் இவர்தான்.

1949 ஓகஸ்ட் மாதம். ஹொண்டாவின் வண்டி ஓடுகிறது, வாங்க ஆள் வருகிறார்கள், ஆனால் கொடுத்த சாமானுக்குக் காசு ஒழுங்காக வந்து சேரவில்லை. இருவருக்கும் தெரிந்த ஒருவர் புஜிசாவாவை அறிமுகப்படுத்தினார். முன்பு இயந்திரங்களுக்கு வெட்டும் கருவிகள் செய்து விற்றவர், ஹொண்டாவைவிட நான்கு வயது இளையவர். பேசி முடித்தது சுருக்கமான ஒப்பந்தம்: சாமான் செய்வது உன் வேலை, காசும் விற்பனையும் என் வேலை, ஒருவர் வேலைக்குள் மற்றவர் கை வைப்பதில்லை. கம்பனி முத்திரையையே ஹொண்டா அவரிடம் கொடுத்துவிட்டார். ஜப்பானில் முத்திரை கையெழுத்துக்குச் சமம், அதாவது வெற்றுக் காசோலையில் கையொப்பமிட்டுக் கொடுத்த மாதிரி.

புஜிசாவா என்ன செய்தார் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 1952இல் கப் எஃப் என்ற, சைக்கிளில் பூட்டும் சின்ன இயந்திரம் தயாரானது. வெள்ளை டாங்க், சிவப்பு இயந்திரம். மோட்டார் சைக்கிள் விற்கும் கடைகள் நாட்டில் மிகக் குறைவு. சைக்கிள் கடை ஊருக்கு ஊர் இருந்தது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் முன்னோர் சைக்கிள் புதிதாக வந்த காலத்தில் துணிந்து விற்கத் தொடங்கியவர்கள், இப்போது சைக்கிளுக்கு இயந்திரம் வந்திருக்கிறது, விற்க விருப்பமா என்பது சாராம்சம். முப்பதாயிரம் கடைகள் பதில் போட்டன. முற்பணத்தை வங்கிக்கு அனுப்புங்கள், சாமான் வரும் என்றார். செய்த சாமானுக்குக் காசு வராமல் திண்டாடிய கம்பனிக்கு, சாமான் போவதற்கு முன்னாலேயே காசு வந்தது. இந்த யோசனை எந்தப் பட்டறையிலும் பிறந்திருக்காது.

1954இல் கம்பனி கவிழ இருந்தது. ஜூனோ என்ற ஸ்கூட்டர் விலைப்படவில்லை, டிரீம் என்ற மோட்டார் சைக்கிளில் கார்புரேட்டர் கோளாறு, அதற்கு முன்னால் வெளிநாட்டு இயந்திரங்களுக்குத் தம் மூலதனத்தைவிடப் பல மடங்கு பணம் போட்டிருந்தார்கள். ஹொண்டா கார்புரேட்டரைச் சரிப்பண்ணினார். புஜிசாவா உதிரிப்பாகம் கொடுத்தவர்களை நேரில் கண்டு தவணை கேட்டார், வங்கிக்கு ஒன்றையும் மறைக்காமல் கணக்கைத் திறந்து காட்டினார். இப்படி இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் கரை சேர்ந்தார்கள். உலகப் புகழ்பெற்ற ஐல் ஒஃப் மான் ரேஸில் ஓடுவோம் என்று அறிவித்ததும் அதே வருஷம், மார்ச் மாதம். 1961இல் அங்கே 125, 250 சீசீ இரண்டு பிரிவிலும் முதல் ஐந்து இடத்தையும் ஹொண்டா வண்டிகள் பிடித்தன.

இனி எங்கள் ஊரோடு நேரே தொடுப்புள்ள வண்டிக்கு வருவோம். 1958 ஓகஸ்டில் வந்த சூப்பர் கப். பழைய சீ 50, சீ 90 உங்கள் கராஜுக்கு இன்னும் வரும் என்று நினைக்கிறேன். எம்.டி. 90 என்று எங்கள் ஆட்கள் கோயில்மாடு மாதிரி கொண்டாடிய வண்டியும் ஜப்பான் தபால்காரருக்காக இதே குடும்பத்தில் செய்ததுதான். அடுத்த தடவை ஒன்று வரும்போது நிதானமாகப் பாருங்கள். கிளச் லீவர் இல்லை. நூடில்ஸ் கொண்டுபோகும் பொடியன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மற்றக் கையால் ஓட்ட வேண்டும் என்பதற்காக, சுற்றும் வேகத்தில் தானாகப் பிடித்து விடும் கிளச்சை வைத்தார்கள். காலுக்கு முன்னால் பிளாஸ்டிக் கவசம். சேறும் தண்ணீரும் உடுப்பில் படாது, இயந்திரமும் மறைந்திருக்கும். சீலை உடுத்தவர், சாரம் கட்டியவர் யாரும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம். சக்கரம் பெரிது, ஆகவே குழி விழுந்த தெருவிலும் வயல் வரம்பிலும் ஸ்கூட்டர் மாதிரித் தடுமாறாது. அப்போது சின்ன வண்டி என்றால் டூ ஸ்ட்ரோக்தான் என்றிருந்த காலம். இதில் 50 சீசீக்கு போர் ஸ்ட்ரோக் வைத்தார், எண்ணெய் கலக்கும் வேலை இல்லை, பெற்றோலும் குறைய. குருமண்வெளியில் வாவி கடக்கும் பாதைப் படகில் ஏற்றி மண்டூர்ப் பக்கம் இறக்கி, இரண்டு மூட்டை நெல்லைக் கட்டிக்கொண்டு போனாலும் முனகாமல் போகும் வண்டி அப்படித்தான் பிறந்தது.

வண்டியின் மாதிரியைப் பார்த்ததும், மாதம் முப்பதாயிரம் விற்கும் என்று புஜிசாவா சொன்னார். அப்போது முழு ஜப்பானிலும் எல்லாக் கம்பனியும் சேர்ந்து மாதம் விற்றது சுமார் நாற்பதாயிரம். ஹொண்டாவின் ஆட்களே நம்பவில்லை. சுசுகாவில் அந்தக் கணக்குக்கே தொழிற்சாலை கட்டினார்கள். 2017இல் சூப்பர் கப் குடும்பத்து வண்டிகளின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது.

கார் செய்த கதை பெரிய கதை, ஓட்டமாகச் சொல்கிறேன். புதிதாக யாரும் கார்த் தொழிலுக்குள் வரக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவரப் பார்த்தபோது, அதற்கு முந்திக்கொண்டு 1963இல் ஒரு சின்ன டிரக்கும் எஸ் 500 காரும் இறக்கினார். 1965இல் மெக்சிக்கோவில் போர்முலா ஒன் போட்டி ஒன்றை ஹொண்டா கார் வென்றது. ஆனால் நீங்கள் தெரிந்திருக்க வேண்டியது 1969. காற்றால் குளிரும் இயந்திரமே போதும், கடைசியில் தண்ணீரையும் காற்றுத்தானே குளிராக்குகிறது என்று ஹொண்டா பிடிவாதமாக நின்றார். வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு அமைய வேண்டுமானால் தண்ணீரால்தான் குளிராக்க வேண்டும் என்று இளம் பொறியியலாளர்கள் நின்றார்கள். முதலாளியிடம் நேரே சொல்ல முடியாமல் புஜிசாவாவிடம் போனார்கள். அவர் ஹொண்டாவிடம் கேட்டது ஒரே கேள்வி: நீங்கள் இந்தக் கம்பனிக்குத் தலைவராக இருக்கப் போகிறீர்களா, பொறியியலாளராகவா? தலைவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஹொண்டா சொன்னார். அப்படியென்றால் பொடியன்மார் தண்ணீரில் செய்யட்டும் என்று முடிந்தது. அந்தத் தீர்மானத்தில் இருந்துதான் 1972இல் சிவிக்கும், அமெரிக்காவின் கடுமையான புகைச் சட்டத்தை முதலில் எட்டிப்பிடித்த சி.வி.சி.சி. இயந்திரமும் வந்தன. எதிர்த்து நின்றவர்களில் ஒருவரான தடாஷி குமே பிறகு அதே கம்பனியின் மூன்றாவது தலைவரானார். எவ்வளவு பெரிய கைகாரனுக்கும் அவன் அறிவு பழசாகும் நாள் வரும். அதைத் தாங்கிக்கொண்டது, என் பார்வையில், ரேஸ் வென்றதைவிடப் பெரிய காரியம்.

1973இல் இருவரும் ஒன்றாகவே விலகினார்கள். பிள்ளைகள் யாரையும் கம்பனிக்குள் எடுப்பதில்லை என்பது இருவரின் தீர்மானம். கம்பனிக்குத் தன் பெயரை வைத்ததையே பிழை என்று ஹொண்டா பிற்காலத்தில் சொன்னார். ஓய்வுக்குப் பிறகு நாடு முழுக்க இருந்த ஹொண்டா தொழிற்சாலை, கடைகளுக்கெல்லாம் போய் வேலையாட்களுக்குக் கைகொடுத்து நன்றி சொன்னார். 1991 ஓகஸ்ட் 5ஆம் திகதி காலமானார்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஹொண்டா வேலையாட்களை அடிப்பார், கையில் இருந்த சாமானால் எறிவார். அவரே ஒப்புக்கொண்ட விஷயம். அடித்ததால்தான் நல்ல வேலைக்காரர் உருவானார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே நின்றவர்கள் அவரிடம் படிக்கக் கிடைத்ததற்காக நின்றார்கள், அடிக்காக நிற்கவில்லை. உங்கள் கராஜில் கை நீட்டும் பழக்கம் இருந்தால் வேறு கராஜ் பாருங்கள். எங்கள் பக்கத்தில் கல்முனை, அக்கரைப்பற்று, ஆரையம்பதி என்று நல்ல மெக்கானிக்மாருக்குக் குறைவில்லை.

கோர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது வரும் வண்டிகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. சென்சர் என்ன சொல்கிறது என்று தெரியாமல் காதால் கேட்டு டியூன் பண்ணும் காலம் முடிகிறது. பற்றரி ஸ்கூட்டர்களும் தெருவுக்கு வந்துவிட்டன. ஹொண்டாவுக்குச் சிலிக்கன் எப்படியோ, உங்களுக்கு இந்த மின்சார, மின்னணுப் பாடம் அப்படி. அதைக் கராஜில் மட்டும் நின்று பிடிப்பது கஷ்டம். உங்கள் பாஸிடம் வெளிப்படையாகக் கதையுங்கள்: வகுப்பு இல்லாத நேரமும் சனி, ஞாயிறும் வருகிறேன் என்று. கோர்ஸில் படித்ததைக் கராஜில் செய்து பார்க்கும் பொடியனை எந்த நல்ல பாஸும் விடமாட்டார். அவருக்குச் சான்றிதழ் இல்லையென்றால், செய்த வேலையின் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை இருப்பதையும் சொல்லுங்கள். தொழிற்பயிற்சிக்குப் பொறுப்பான அரச நிறுவனமான நைட்டாவின் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

சொந்தத் தொழில் ஆசை இருந்தால், இப்போதே ஒரு கொப்பியில் கணக்கு எழுதப் பழகுங்கள்: என்ன துண்டு, என்ன விலை, யார் கடன், எப்போது தந்தார். எழுத எழுத அலுப்பாக இருந்தால் பரவாயில்லை, ஹொண்டாவுக்கும் அது வரவில்லை. அப்படியென்றால் கணக்கு வரும் ஒரு கூட்டாளியைப் பார்த்து வையுங்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் பக்கத்து வகுப்பில் கணக்கியல் படிக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம், உங்கள் அக்காவாகவும் இருக்கலாம்.